இருவர் மட்டும் அமரும் சொகுசு கார்: வாங்க இன்னும் ஆள் உண்டா?

மார்க்கம்வாசி (மார்க்கம், ஒன்டாரியோ)

சின்ன மகளும் வேலை கிடைத்து வான்கூவர் போய்விட்டாள். வாசலில் ஏழு பேர் அமரும் வண்டி ஒன்று நிற்கிறது. அதில் நானும் மனைவியும் மட்டும் போய் வருகிறோம். பின்னால் ஐந்து இருக்கைகள் சும்மா வருகின்றன. எனக்கு வயது ஐம்பத்தெட்டு. இரண்டே இருக்கையுள்ள நல்ல கார் ஒன்றை ஒருமுறையாவது வைத்திருக்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத்தில் சைக்கிள் மிதித்த காலத்து ஆசை.

பந்தயக் கார் கேட்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளத்தில் இறங்கினால் முதுகெலும்பை எண்ணிப் பார்க்க வைக்கும் வண்டி எனக்கு வேண்டாம். மென்மையான சஸ்பென்ஷன், சூடேறும் இருக்கை, அதட்டாத என்ஜின், திறந்து மூடும் கூரை, இரண்டு பெட்டி வைக்க ஒரு டிக்கி. இவ்வளவுதான் கேட்கிறேன்.

போன மாதம் மூன்று ஷோரூம் ஏறி இறங்கினேன். மூன்றிலும் நான் கேட்டு முடிப்பதற்குள் எஸ்.யூ.வி. நிற்கும் பக்கம் அழைத்துக்கொண்டு போனார்கள். ஓரிடத்தில் இருந்த இளைஞர் நம்மவர்தான். "அதையெல்லாம் இப்போது யார் அங்கிள் வாங்குகிறார்கள்?" என்று சிரித்தார்.

அவர் சொன்னது உண்மையா? வாங்குகிறவர்கள் போய்விட்டார்களா, அல்லது விற்கிறவர்கள்தான் கடையைச் சாத்திவிட்டார்களா?

---

கியர்பெட்டி (ஒரகடம்)

அண்ணா, இரண்டும் நடந்திருக்கிறது. முதலில் விற்கிறவர் பக்கத்தைச் சொல்கிறேன்.

மெர்சிடிஸ் எஸ்.எல்.சி. 2020இல் நின்றது. ஆடி டிடி-யின் கடைசி வண்டி 2023 நவம்பரில் ஹங்கேரி ஆலையை விட்டு வெளியே வந்தது. அடுத்த ஆண்டே அதே நிறுவனத்தின் ஆர்8 போனது, ஜாகுவார் எஃப்-டைப் போனது. பெட்ரோலில் ஓடும் போர்ஷே 718 2025இல் முடிந்தது. பி.எம்.டபிள்யூ இசட்4-க்கு 2026தான் கடைசி ஆண்டு. ஆறே ஆண்டில் இவ்வளவு. இவற்றில் பாதி உங்கள் கணக்கில் சொகுசு வண்டியாகத் தேறாது. ஆனாலும் இரண்டு பேர் வண்டி தேடுகிறவர் முதலில் எட்டிப் பார்க்கும் வாசல்கள் இவைதான்.

காரணத்தைப் புரிந்துகொள்ள ஓர் ஆலையின் கதை போதும். அமெரிக்காவில் தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க் பகுதியில் பி.எம்.டபிள்யூ ஆலை இருக்கிறது. 1990களின் நடுவில் அந்த ஆலைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது இசட்3 என்ற இரண்டு பேர் வண்டி. 1999இல் எக்ஸ்5 என்ற எஸ்.யூ.வி. அங்கே வந்து சேர்ந்தது. இசட்3-க்குப் பின் வந்த முதல் இசட்4-உம் அங்கேதான் பிறந்தது. ஆனால் எக்ஸ் வரிசை வளர வளர ஆலையில் இடம் போதவில்லை. இரண்டாவது தலைமுறை இசட்4 ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க்குக்குப் போனது. மூன்றாவது தலைமுறைக்குச் சொந்த ஆலையிலேயே இடமில்லை. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மாக்னா நிறுவனம் ஒப்பந்தத்தில் செய்து கொடுத்தது. அதுவும் தனியாகச் செய்தால் கட்டாது என்பதால் டொயோட்டா சுப்ராவோடு ஒரே அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்டது. வீட்டுக்கு மூத்த பிள்ளையைத் தம்பி வந்து திண்ணைக்கு அனுப்பிய கதை.

நான் கார்க் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் நிறுவனத்தில் இருக்கிறேன். ஒரு பட்டைக்கு அச்சு வெட்டும் செலவு, அதில் பத்தாயிரம் துண்டு எடுத்தாலும் மூன்று லட்சம் எடுத்தாலும் ஒன்றுதான். திறந்த கூரை வண்டி என்றால் பட்டைகளின் எண்ணிக்கையும் கூடும். கதவுக் கண்ணாடியைச் சுற்றி ஃபிரேம் கிடையாது. கூரையும் கண்ணாடியும் நேராக ரப்பரில் வந்து உட்கார வேண்டும். அரை மில்லிமீட்டர் தவறினால் காற்று விசில் அடிக்கும், மழை உள்ளே வரும். கூரையை வெட்டி எடுத்தால் உடம்பின் விறைப்பு போய்விடுவதால் கதவுக்குக் கீழே இரும்பைக் கூட்ட வேண்டும். மோதல் சோதனை தனி. இத்தனை செலவையும் வகுத்துப் போட விற்பனை எண்ணிக்கை வேண்டுமே. எஸ்.யூ.வி.க்கு அது இருக்கிறது. அதிலேயே உயரத்தைக் கூட்டிக் குறைத்து, கூரையைச் சரித்து, நான்கு பெயரில் விற்கலாம்.

---

சந்தேகி (எடிசன், நியூ ஜெர்சி)

கியர்பெட்டி சொன்னது சரி, ஆனால் அவர் இதைப் புதிய நோய்போலச் சொல்கிறார். இந்தச் சந்தை எப்போதாவது இருந்ததா என்பதே என் சந்தேகம்.

ஃபோர்டு தண்டர்பேர்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1955இல் வந்தது. இரண்டு இருக்கை, வி8 என்ஜின், மின்சாரக் கண்ணாடி. பந்தயக் கார் என்று ஃபோர்டே சொல்லிக்கொள்ளவில்லை. மார்க்கம்வாசி கேட்கும் வண்டி அச்சாக அதுதான். மூன்று ஆண்டில் விற்றது சுமார் 53,000. நல்ல எண்ணிக்கைதானே? ஃபோர்டு பிரிவை நடத்திய ராபர்ட் மெக்னமாரா அப்படி நினைக்கவில்லை. 1958இல் பின்னால் இரண்டு இருக்கை சேர்த்தார்கள். அழகு போய்விட்டது என்று ரசிகர்கள் புலம்பினார்கள். முதல் ஆண்டே, அதுவும் பொருளாதாரம் சரிந்திருந்த ஆண்டில், 37,000-க்கும் மேல் விற்றது. 1960இல் 90,000-ஐத் தாண்டியது. இரண்டு இருக்கை வண்டியின் மிகச் சிறந்த ஆண்டே 21,380தான்.

கேள்விக்கான விடை அன்றைக்கே வந்துவிட்டது. மக்கள் இரண்டு பேர் வண்டியை நின்று பார்ப்பார்கள். நான்கு பேர் வண்டியை வாங்குவார்கள்.

---

பழைய இரும்பு (கோயம்புத்தூர்)

சந்தேகி தம்பி பாதிக் கதையைச் சொல்லி நிறுத்திவிட்டார். அமெரிக்கர்கள் அதோடு விட்டார்களா? இல்லை. திரும்பத் திரும்ப வந்து அதே கிணற்றில் விழுந்தார்கள். அந்த விழுகைகளில் எனக்கு மிகவும் பிடித்தது கேடிலாக் அலான்டே. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1980களில் அமெரிக்கப் பணக்காரன் வீட்டு வாசலில் மெர்சிடிஸ் எஸ்.எல். என்ற திறந்த கூரை, இரண்டு பேர் வண்டி நின்றது. 1971இல் வந்த அந்தத் தலைமுறை பதினெட்டு ஆண்டு ஓடியது; மொத்தம் 2,37,287 வண்டிகள். அதில் பெரும்பகுதி வட அமெரிக்காவுக்கே போனது. சந்தை எப்போதாவது இருந்ததா என்று கேட்டவருக்கு இதுவே பதில். டாக்டர், வக்கீல், அவர்களுடைய மனைவிமார் என்று எல்லோரும் அதில் போனார்கள். வேகத்துக்காக யாரும் அதை வாங்கவில்லை. இரும்புப் பெட்டகம்போன்ற கதவு, நிதானமான ஓட்டம், அந்த நட்சத்திரம்.

கேடிலாக்குக்குப் பொறுக்கவில்லை. நாமும் ஒன்று செய்வோம் என்று இத்தாலியின் கார் வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரினாவிடம் போனார்கள். உடம்பை அங்கே டூரினுக்குப் பக்கத்தில் செய்ய வேண்டும்; என்ஜினும் மற்றவையும் டெட்ராய்ட்டில் பூட்ட வேண்டும். கப்பலில் அனுப்பினால் நாளாகும் என்று போயிங் 747 விமானத்தில் ஏற்றினார்கள்! ஒரு நடைக்கு 56 உடம்புகள். உலகத்திலேயே நீளமான உற்பத்தி வரிசை என்று பத்திரிகைகள் எழுதின. காருக்கு வானத்தில் பாலம் போட்ட கூத்து வேறு எங்கும் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

1987இல் வந்தது. விலை 54,700 டாலர். அன்றைக்கு மற்ற கேடிலாக்குகளைப் போல இரண்டு மடங்கு. சரி, இவ்வளவு பாடுபட்டு இத்தாலியிலிருந்து பறந்து வந்த உடம்புக்குள் என்ன வைத்தார்கள்? மற்ற கேடிலாக்குகளில் ஓடிய அதே 4.1 லிட்டர் என்ஜினைக் கொஞ்சம் முறுக்கேற்றி, 170 குதிரைத்திறன். இழுப்பது முன்சக்கரம். பட்டுப் புடவைக்கு ரப்பர் செருப்பு. ஆண்டுக்கு ஆறாயிரம் விற்கும் என்று நினைத்தார்கள்; ஓர் ஆண்டும் அந்தக் கோட்டைத் தொடவில்லை. கடைசியில் 1993இல்தான் நார்த்ஸ்டார் என்ற நல்ல என்ஜினை வைத்தார்கள், 295 குதிரைத்திறன். வண்டி ஒருவழியாகச் சரியானது. அந்த ஆண்டே உற்பத்தியை நிறுத்தினார்கள். ஏழு ஆண்டில் மொத்தம் சுமார் 21,000.

கேடிலாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், அதே காலத்தில், பியூக் ரியாட்டா என்று இன்னொரு இரண்டு பேர் வண்டியையும் விட்டது. 1988இலேயே அதன் நடுவில் தொடுதிரை இருந்தது என்றால் நம்புவீர்களா? அது ஆண்டுக்கு 20,000 விற்கும் என்று எண்ணினார்கள். நான்கு ஆண்டும் சேர்த்தே 21,700 சொச்சம். பிறகு 2003இல் தன் வேகக் காரான கோர்வெட்டின் எலும்பின் மேல் கேடிலாக் எக்ஸ்.எல்.ஆர். கட்டினார்கள்; ஆறு ஆண்டில் சுமார் 15,000.

ஆக, சந்தை இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. சாப்பாடு சரியில்லாத ஓட்டலில் கூட்டம் இல்லை என்பதற்காக ஊரில் யாருக்கும் பசியே இல்லை என்று சொல்ல முடியுமா?

---

சந்தேகி (எடிசன், நியூ ஜெர்சி)

ஐயா, ரப்பர் செருப்பு உவமையை ரசித்தேன். ஆனால் பக்கத்து ஓட்டலிலும் இப்போது கூட்டம் இல்லையே. அந்த எஸ்.எல். இன்றைக்கு என்ன ஆனது என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

---

நெக்கர்கரை (ஸ்டுட்கார்ட்)

நான் சொல்கிறேன், தினமும் பார்க்கிற ஊரில்தான் இருக்கிறேன். 2001இலும் 2012இலும் வந்த தலைமுறைகள் கண்டிப்பாக இரண்டே இருக்கை, மடிந்து டிக்கிக்குள் போகும் உலோகக் கூரை. 2021இல் வந்த இன்றைய வண்டியை மெர்சிடிஸின் வேக வண்டிப் பிரிவான ஏ.எம்.ஜி. உருவாக்கியது. துணிக் கூரை திரும்பி வந்தது, கூடவே பின்னால் இரண்டு இருக்கையும் வந்தது. 1989இல் வந்த தலைமுறைக்குப் பிறகு இதுதான் முதல்முறை.

அந்தப் பின்னிருக்கையில் 1.50 மீட்டர் உயரம் வரை உள்ளவர்கள் அமரலாம் என்று நிறுவனமே சொல்கிறது. எங்கள் வீட்டில் அந்த உயரத்துக்கு ஒருவர்தான் இருக்கிறார், அவர் ஏழாம் வகுப்பு படிக்கிறார். அவரே ஒருமுறை ஏறி உட்கார்ந்துவிட்டு, "அப்பா, இது பைக்கான இடம்" என்று இறங்கிவிட்டார்.

பிறகு எதற்காக அந்த இருக்கை? வாங்குகிறவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஒரு சமாதானம் வேண்டும், அதற்காக. "அவசரத்துக்கு நான்கு பேர் போகலாம்" என்று வீட்டில் சொல்லலாம். போர்ஷே 911 அறுபது ஆண்டாக இந்தச் சமாதானத்தை விற்றுத்தான் பிழைக்கிறது. 2023இல் வந்த புதிய ஏ.எம்.ஜி. ஜி.டி.யைப் பாருங்கள். முந்தையது இரண்டு இருக்கை மட்டும். புதியதில் விரும்பினால் பின்னிருக்கை போட்டுத் தருகிறார்கள்.

இதற்கு மேல்தான் வேடிக்கை. 2024இல் அதே எஸ்.எல்.ஐ எடுத்து, அந்தப் பின்னிருக்கையைக் கழற்றிவிட்டு, தோலும் பளபளப்பும் கூட்டி, சத்தத்தைக் குறைத்து, சஸ்பென்ஷனை மென்மையாக்கி, மேபாக் எஸ்.எல். 680 என்று இன்னும் பெரிய விலைக்குக் கொண்டுவந்தார்கள். மார்க்கம்வாசி ஐயா கேட்ட வண்டி இதுதான்! மென்மை, அமைதி, இரண்டு இருக்கை. விலைச்சீட்டை மட்டும் பார்க்காதீர்கள்.

---

மார்க்கம்வாசி (மார்க்கம், ஒன்டாரியோ)

பார்த்துவிட்டேன். வீட்டையும் சேர்த்து விற்க வேண்டும்.

---

கணக்குப்பிள்ளை (சிங்கப்பூர்)

நெக்கர்கரை சொன்ன 911 சமாதானத்துக்கு எண்ணும் இருக்கிறது. 2024இல் போர்ஷே உலகம் முழுக்க ஒப்படைத்த 911 வண்டிகள் 50,941. இரண்டே இருக்கையுள்ள 718, பாக்ஸ்டரும் கேமனும் சேர்ந்து, 23,670. மலிவான வண்டி குறைவாக விற்றது, விலை கூடிய வண்டி இரண்டு மடங்குக்கும் மேல் விற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 718 அந்த ஆண்டின் நடுவிலேயே நிறுத்தப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மென்பொருள் பாதுகாப்புக்கு வந்த புதிய விதிக்காகப் பழைய வண்டியின் மின்னணு அமைப்பை மாற்றச் செலவழிக்கப் போர்ஷேக்கு மனம் வரவில்லை. விதி கொன்றதா, விருப்பம் கொன்றதா என்று பிரிப்பது கடினம்.

எங்கள் ஊர்க் கணக்கு தனி. கார் வைத்திருக்க முதலில் பத்து ஆண்டுக்கு உரிமைச் சான்றிதழ் ஏலத்தில் எடுக்க வேண்டும். அதற்கு மேல் பதிவுக் கட்டணம். வண்டியின் இறக்குமதி மதிப்பு 80,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டினால் தாண்டிய பகுதிக்கு 320 விழுக்காடு. இருக்கை எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு இருக்கைக்குப் பாதி வரி என்று ஏதாவது இருந்தால் நானே வாங்கியிருப்பேன். ஆகவே இங்கே ஒரு வீட்டுக்கு ஒரு வண்டி. அந்த ஒன்றில் அம்மா, பிள்ளைகள், சந்தைப் பை எல்லாம் ஏற வேண்டும். இரண்டு பேர் வண்டி வைத்திருப்பவர் என்றால் அவர் இரண்டாவது சான்றிதழுக்கும் பணம் கட்டியவர் என்று அர்த்தம். அதைக் காட்டிக்கொள்ளத்தான் அந்த வண்டியே.

இரண்டு பேர் வண்டி யாருக்கும் முதல் வண்டி அல்ல என்பதுதான் என் கட்சி. இரண்டாவதோ மூன்றாவதோதான். நடுத்தரக் குடும்பம் இரண்டாவது வண்டி வாங்கும் இடத்தில் மட்டும் இந்தச் சந்தை அகலமாக இருந்தது. எண்பதுகளின் அமெரிக்கா அப்படி ஓர் இடம். இன்றைக்கு அங்கேயும் இரண்டாவது வண்டி எஸ்.யூ.வி.தான். முதல் வண்டியும் அதுதான்.

---

திறந்தகூரை (கிங்ஸ்டன், லண்டன்)

இதுவரை எழுதியவர்களில் இரண்டு பேர் வண்டியை வைத்திருப்பவர் யாராவது உண்டா? எல்லோரும் எண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னிடம் ஒன்பது ஆண்டாக ஒன்று இருக்கிறது. என்ன வண்டி என்பது இங்கே முக்கியமில்லை.

உங்கள் ஊர்களில் எப்படியோ, எங்கள் உறவு வட்டத்தில் பெரிய வண்டி வைத்திருப்பவர் அரை வாடகை ஓட்டுநர். விமான நிலையத்துக்கு ஆள் அழைத்து வர, கல்யாணத்துக்குப் பாத்திரம் ஏற்ற, பிறந்தநாளுக்கு நாற்காலி கொண்டுபோக, எல்லாவற்றுக்கும் அழைப்பு வரும். இரண்டு இருக்கை வண்டி வாங்கிய நாளிலிருந்து என் தொலைபேசி அமைதியாகிவிட்டது. "உன் வண்டியில் ஏற மாட்டோம்" என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். தோல் இருக்கையும் ஒலிப்பெருக்கியும் எந்த வண்டியிலும் கிடைக்கும். ஆள் ஏற்ற முடியாது என்பது இதில் மட்டும்தான் கிடைக்கும்.

அப்படியானால் ஏன் எல்லோரும் வாங்கவில்லை? காலம் மிகக் குறுகியது. பிள்ளைகள் வீட்டை விட்டுப் போவதற்கும் முழங்கால் போவதற்கும் இடையில் ஒரு பத்துப் பதினைந்து ஆண்டுதான் இந்த வண்டிக்கு. அதற்கு முன் கையில் பணம் இருக்காது, பின்னால் குழந்தை இருக்கை இருக்கும். அதற்குப் பின் உட்காரலாம், எழ முடியாது. அறுபத்தெட்டு வயதில் இந்த உயரத்திலிருந்து எழுந்து பாருங்கள். முதலில் ஒரு காலை வெளியே வைத்து, கதவைப் பிடித்து, முருகா என்று சொல்லி, அப்புறம்தான் மற்ற கால். எஸ்.யூ.வி.யின் வெற்றியில் பாதி இடுப்பு உயரத்தில் இருக்கும் அந்த இருக்கையால் வந்தது. இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

இன்று இங்கே பிள்ளைகள் முப்பது வயதுவரை வீட்டில் இருக்கிறார்கள். முன்பக்கமிருந்தும் காலம் சுருங்குகிறது.

---

கியர்பெட்டி (ஒரகடம்)

அக்கா, முழங்கால் கணக்கை எங்கள் விற்பனைக் கூட்டத்தில் சொல்லப் போகிறேன்.

இங்கே நிலைமையே வேறு. சென்னையில் சொகுசு கார் என்றால் உரிமையாளர் பின்னால் இடதுபக்கம் உட்காருவார். ஓட்டுநர் ஓட்டுவார். மெர்சிடிஸ் ஈ-கிளாஸ் இந்தியாவில் நீள உடம்போடு விற்பதே அந்தப் பின்னிருக்கைக்காரரின் காலுக்காக. இரண்டு பேர் வண்டியில் ஓட்டுநரை உட்கார வைத்தால் மிச்சம் ஓர் இடம். முதலாளி அவருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். மாமியார் வீட்டுக்கு அப்படிப் போய் இறங்க முடியுமா? ஓட்டுநர் இல்லாமல் தானே ஓட்டினால், ஹோட்டல் வாசலில் இறங்கி யாரிடமோ சாவியைக் கொடுக்க வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலையில் மே மாத மதியம் கூரையைத் திறப்பவருக்கு நான் மாலை போடத் தயார்.

இதற்கு மேல் முழுதாக இறக்குமதியாகும் வண்டிக்கு நூறு விழுக்காட்டுக்கு மேல் வரி. இசட்4 2025இல் இங்கே சுமார் 90 லட்சம், சாலை வரி தனி. 2025 ஜூலையில் எம்.ஜி. சைபர்ஸ்டர் வந்தது: மின்சாரம், இரண்டு இருக்கை, மேல்நோக்கித் திறக்கும் கதவு, 510 குதிரைத்திறன், 74.99 லட்சம். வந்த புதிதில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்றைப் பார்த்தேன். நான்கு பைக்குகள் சுற்றி வளைத்துப் படம் எடுத்துக்கொண்டு போயின. ஓட்டியவர் கூரையை மூடிக்கொண்டார்.

---

சந்தேகி (எடிசன், நியூ ஜெர்சி)

கோர்வெட்டை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். இரண்டே இருக்கை. 2023 மாடல் ஆண்டில் மட்டும் 53,000-க்கும் மேல் தயாரானது. என் வாதத்துக்கு எதிரான எண்தான், ஆனாலும் நேர்மைக்காகச் சொல்கிறேன்.

---

பழைய இரும்பு (கோயம்புத்தூர்)

தம்பி, அதை எதிரான எண்ணாக எடுக்க வேண்டாம். கோர்வெட் வாங்குகிறவன் வேகத்தை வாங்குகிறான். இருக்கை இரண்டா மூன்றா என்பது அவனுக்குப் பிறகு. மாஸ்டா எம்எக்ஸ்-5-உம் அப்படியே, 2016இலேயே அதன் உற்பத்தி பத்து லட்சம் வண்டிகளைத் தாண்டியது. வாங்குகிறவர்கள் ஓட்டும் சுகத்துக்காக வாங்குகிறார்கள், விலையும் எட்டுகிறது. வேகத்துக்கு இரண்டு பேர் வண்டி இருக்கிறது. விளையாட்டுக்கு இருக்கிறது. சும்மா நிம்மதியாகப் போய் வர ஒன்று இருந்தது. அதுதான் காணாமல் போனது. அலான்டே விழுந்த கிணறும் அதுதான்.

மேலே பார்த்தால் ரோல்ஸ்-ராய்ஸ் 2023இல் டிராப்டெய்ல் என்று இரண்டு இருக்கை வண்டி காட்டியது. மொத்தமே நான்கு. பெண்ட்லி பகலார் பன்னிரண்டு. இந்த எண்ணிக்கையைச் சந்தை என்று சொல்ல மாட்டேன். அது தையற்காரரை வீட்டுக்கு வரவழைத்து அளவு எடுக்கும் சமாச்சாரம். அந்தக் காலத்து மகாராஜாக்கள் செய்தது.

---

நெக்கர்கரை (ஸ்டுட்கார்ட்)

மின்சார வண்டி இதைத் திருப்பிக் கொண்டுவருமா என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். அதில் ஒரு பொறியியல் முரண் இருக்கிறது. மின்கலத்தைத் தரைக்கு அடியில் விரிப்பதுதான் எளிது. விரித்தால் இருக்கை மேலே ஏறும். எஸ்.யூ.வி.க்கு அது வரம். தாழ உட்கார வேண்டிய வண்டிக்குச் சாபம். அதனால் போர்ஷே தன் மின்சார 718-க்கு மின்கலத்தை இருக்கைக்குப் பின்னால் அடுக்கத் திட்டமிட்டது. அது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. 2025இல் மேல்தட்டு வகைகளுக்குப் பெட்ரோல் என்ஜினும் வைப்போம் என்று பாதி திரும்பிவிட்டார்கள். டெஸ்லா 2017இல் காட்டிய ரோட்ஸ்டர் 2020இல் வரும் என்றார்கள். ஆடி 2025 செப்டம்பரில் கான்செப்ட் சி என்று இரண்டு இருக்கை மின்சார வண்டியைக் காட்டியது. வரட்டும், பிறகு பேசலாம்.

ஆனால் அமைதி, மென்மை, அலட்டாத இழுப்பு, இவை எல்லாம் மின்சாரத்துக்கு இயல்பாக வருபவை. மார்க்கம்வாசி ஐயா கேட்பதும் இவைதான். அப்படி இருந்தும் வருகிறவர்கள் எல்லோரும் மூன்று விநாடியில் நூறு என்றே பேசுகிறார்கள். சைபர்ஸ்டர் சுமார் இரண்டு டன் எடை; அதற்கு 510 குதிரைத்திறன் எதற்கு? பாதியை வைத்து விலையைக் குறைத்திருக்கலாம். இந்த இடத்தில் மட்டும் நான் அந்த விற்பனை இளைஞர் பக்கம் இல்லை: கேட்க ஆள் இருக்கிறார்கள், கேட்டதைச் செய்து தர ஆள் இல்லை.

---

மார்க்கம்வாசி (மார்க்கம், ஒன்டாரியோ)

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

புதியது என் கைக்கு எட்டாது என்று இங்கே தெளிந்துவிட்டதால் பழையதைத் தேடினேன். 2013 எஸ்.எல். ஒன்று, உலோகக் கூரை, எண்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. விற்கிறவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர், வயது எழுபத்தொன்று. நவம்பர் முதல் ஏப்ரல் வரை வீதியில் உப்பு போடும் காலத்தில் வண்டியை வெளியே எடுத்ததே இல்லையாம். முதல் நாள் ரசீதிலிருந்து எல்லாம் ஒரு கோப்பில் வைத்திருக்கிறார். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்து, இறங்கிக் காட்டினார். திறந்தகூரை தங்கச்சி எழுதியபடியே, முருகா மட்டும் இல்லை.

மனைவி உட்கார்ந்து பார்த்தாள். இருக்கையைச் சூடாக்கிக்கொண்டாள். கூரை மடிந்து போனதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கேட்டாள்: "வெள்ளிக்கிழமை கோயிலுக்கு மாமி எங்கே இருப்பா?" என் அம்மா எங்களோடு இருக்கிறார் என்பதை நான் இந்த இழையில் எழுதவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. எண்பத்துமூன்று வயது.

ஆக ஏழு பேர் வண்டியும் வாசலில்தான் நிற்கும். இரண்டு வண்டிக்கும் காப்பீடு. கணக்குப்பிள்ளை சொன்னது சரி, இது யாருக்கும் முதல் வண்டி அல்ல.

இருந்தாலும் வருகிற சனிக்கிழமை மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறேன். மடியும் கூரையில் எதைப் பார்க்க வேண்டும்?

---

நெக்கர்கரை (ஸ்டுட்கார்ட்)

என்ஜினைச் சூடாக்குவதற்கு முன், வண்டி குளிர்ந்திருக்கும்போதே கூரையைத் திறந்து மூடச் சொல்லுங்கள். ஒருமுறை போதாது, நான்கைந்து முறை. ஒருபக்கம் முந்தியும் மறுபக்கம் பிந்தியும் போனால், நடுவில் தயங்கினால், அழுத்தக் குழாயில் வேலை இருக்கிறது. டிக்கியின் விரிப்பைத் தூக்கி அடியில் கை வைத்துப் பாருங்கள்: எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கூரையின் திரவம் கசிகிறது, வெறும் ஈரம் என்றால் ரப்பரில் கசிவு. மின்கலம் வலுவிழந்தாலும் கூரை பாதியில் நிற்கும், அதற்குப் பயந்து பேரத்தை விட்டுவிடாதீர்கள். கூரை மடிந்த நிலையில் உங்கள் இரண்டு பெட்டியை டிக்கியில் வைத்துப் பாருங்கள். அனேகமாக ஒன்றுதான் போகும்.

---

கியர்பெட்டி (ஒரகடம்)

கண்ணாடி ஓர ரப்பர் பட்டையைக் கிள்ளிப் பாருங்கள் அண்ணா. விரலில் கறுப்பு ஒட்டினால் மாற்ற வேண்டும். விலை கேட்டால் தலை சுற்றும், எங்கள் தொழில் என்றாலும் சொல்கிறேன்.

---

திறந்தகூரை (கிங்ஸ்டன், லண்டன்)

அம்மாவை ஒருநாள் முன்னிருக்கையில் வைத்துக் கூரையைத் திறந்து கூட்டிக்கொண்டு போங்கள் அண்ணா. அண்ணியை ஒருமுறை பஸ்ஸில் வரச் சொல்லுங்கள்.

---

மார்க்கம்வாசி (மார்க்கம், ஒன்டாரியோ)

அதை நீங்களே அவளுக்கு எழுதுங்கள், தங்கச்சி.